தானாகத் திறக்காத பில்லிங் சாப்ட்வேர்: டாஸ்க் ஷெட்யூலரை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பில் திரை தானாக வந்து நிற்க வேண்டும். திருநெல்வேலி டவுண் ரத வீதி அல்வாக் கடை ஆனாலும், ராதாபுரம் பக்கத்துக் குவாரி எடைமேடை ஆனாலும் எதிர்பார்ப்பு அதுதான். ஒரு நாள் வராது. "சாப்ட்வேர் ஓப்பனாக மாட்டேங்கு" என்று அண்ணாச்சி போன் போடுவார். வருகிறவர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டுத் தருவார். பெரும்பாலும் அது வீண் வேலை. கையால் டபுள் கிளிக் செய்தால் திறக்கிறது என்றால் சாப்ட்வேர் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்துவிட வேண்டிய விண்டோஸ்தான் எங்கோ நின்றுவிட்டது.

முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். பெயருக்கு நேரே 'டிசேபிள்ட்' என்று இருந்தால் வலது கிளிக்கில் எனேபிள் செய்தால் தீர்ந்தது. கம்ப்யூட்டர் வேகமாகும் என்று யாரோ போட்ட 'கிளீனர்' ஏதாவது அணைத்து வைத்திருக்கும். பட்டியலில் பெயரே இல்லையென்றால் விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்தால் ஸ்டார்ட்அப் போல்டர் திறக்கும். சாப்ட்வேரின் ஷார்ட்கட்டை அதில் போடலாம். தமிழ் தட்டச்சுக் கருவி போன்ற லேசான சாப்ட்வேர்களுக்கு இந்த போல்டரே போதும்.

பில்லிங், எடைமேடை சாப்ட்வேர்கள் சிக்குகிற இடம் வேறு. ஐகானின் மூலையில் நீலமும் மஞ்சளுமாகச் சின்னக் கேடயம் இருக்கிறதா? கையால் திறக்கும்போது திரை மங்கி 'எஸ்', 'நோ' கேட்கிறதா? அப்படியானால் அந்த சாப்ட்வேர் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்கிறது. அப்படிக் கேட்பதை ஸ்டார்ட்அப் போல்டரிலிருந்தோ ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) ரன் பட்டியலிலிருந்தோ திறக்க விஸ்டா காலம் முதலே விண்டோஸ் விடுவதில்லை. பிழைச் செய்தியும் காட்டாது. அதனால்தான் இத்தனை பேர் காரணம் தெரியாமல் சாப்ட்வேரை அழித்து அழித்துப் போடுகிறார்கள்.

அந்த உரிமை உண்மையில் தேவையா என்று பார்த்துவிடுவது நல்லது. பல பழைய சாப்ட்வேர்கள் தங்கள் டேட்டாவை புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள்ளேயே எழுதும். அங்கே எழுதத்தான் உரிமை வேண்டியிருக்கிறது. அதையே டி டிரைவில் தனி போல்டரில் நிறுவி, யூசருக்கு மாடிபை (மாற்றி எழுதும்) அனுமதி கொடுத்து, ஷார்ட்கட்டின் காம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கை எடுத்துவிட்டால் ஸ்டார்ட்அப் போல்டரே வேலை செய்யும். எங்களுக்குப் பிடித்த வழி இதுதான். பில் போடுகிற பிள்ளைக்கு அட்மின் அக்கவுண்டே கொடுக்க வேண்டாம்.

சாப்ட்வேரை எழுதியவரே உரிமையைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால் டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி. சொன்ன நேரத்தில் சாப்ட்வேரைத் திறந்துவிட விண்டோஸிலேயே இருக்கிற கருவி அது. 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், 'கிரியேட் டாஸ்க்' எடுங்கள். ஜெனரல் பக்கத்தில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் வேண்டும். அந்த அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தால்தான் அதற்குப் பலன். 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்' என்பதையே விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சாப்ட்வேர் பின்னால் ஓடும், திரையில் ஜன்னல் வராது. பாஸ்வேர்டு மாற்றிய அன்று அதுவும் நின்றுவிடும். டிரிக்கரில் (டாஸ்க் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பக்கம்) 'அட் லாக் ஆன்', 'டிலே டாஸ்க் பார்' 1 நிமிடம். 'அட் ஸ்டார்ட்அப்' வைக்காதீர்கள். பாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிற கம்ப்யூட்டரில் ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான். மறுநாள் போடும்போது விண்டோஸ் அதைப் புதுத் தொடக்கமாக எண்ணாது. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, ஷட்டவுன் செய்து போட்டால் வரவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணம்.

ஆக்‌ஷனில் பிரவுஸ் செய்து சாப்ட்வேர் பைலைக் காட்டிவிட்டு, 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் அது இருக்கும் போல்டரின் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் எழுதுங்கள். காலியாக விட்டால் சாப்ட்வேர் தன் டேட்டாவை சிஸ்டம்32 போல்டரில் தேடிவிட்டு மூடிக்கொள்ளும். மேற்கோள் குறி போட்டாலோ டாஸ்க்கே கிளம்பாது.

அடுத்து கண்டிஷன்ஸ் பக்கம். நம் ஊரில் மிக அதிகமாகக் காலை வாருவது இதுதான். 'ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு', 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்ற இரண்டும் விண்டோஸே டிக் செய்து வைத்திருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நேரத்தில் லேப்டாப்பைப் போட்டால் சாப்ட்வேர் வராது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி பில்லோடு மூடிக்கொள்ளும். டெஸ்க்டாப்பும் தப்பாது: யூபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி வயர் போட்டிருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரியாகவே கணக்கு வைக்கும். கடை முழுக்க இன்வெர்ட்டர் லைன் இருந்தால் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. எதுவானாலும் இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தில் '3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்றொரு டிக். இரவும் பகலும் அணைக்காத எடைமேடை கம்ப்யூட்டரில் நாலாவது நாள் சாப்ட்வேர் காரணமில்லாமல் காணாமல் போவது இதனால்தான். அதையும் எடுங்கள்.

நாள்பட்ட பிறகே தெரிகிற குறை இன்னொன்று. ஷெட்யூலர் திறக்கிற சாப்ட்வேருக்குப் பிரியாரிட்டி 7, அதாவது சாதாரண நிலைக்கும் கீழே. பழைய ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் ஸ்டாக் பட்டியல் தேடும்போது கையால் திறந்ததைவிட மந்தமாகத் தெரியும். இதை மாற்ற திரையில் பொத்தான் கிடையாது. டாஸ்க்கை எக்ஸ்போர்ட் செய்து, அந்த பைலை நோட்பேடில் திறந்து, பிரியாரிட்டி வரியில் 7ஐ 5 ஆக்கி, பழைய டாஸ்க்கை அழித்துவிட்டு இம்போர்ட் செய்ய வேண்டும்.

டேட்டா இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கும் கடைகளில், அட்மின் உரிமையோடு திறக்கிற சாப்ட்வேருக்கு இசட் டிரைவ் (அந்தக் கம்ப்யூட்டரின் போல்டருக்கு இங்கே கொடுத்த டிரைவ் எழுத்து) கண்ணுக்கே தெரியாது. உரிமையோடு ஓடுவது தனி லாகின் போலக் கணக்கு. இரண்டு பின்சாய்வுக் கோடு, கம்ப்யூட்டர் பெயர், ஒரு கோடு, ஷேர் பெயர் என்று முழுப் பாதையை சாப்ட்வேரின் செட்டிங்ஸில் கொடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடுவதானால், பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸ் எழுந்த பிறகே பில்லிங் திறக்க வேண்டும். ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) 7000, 7009 என்ற எண்கள் வந்திருந்தால் 30,000 மில்லிசெகண்டுக்குள் சர்வீஸ் பதில் சொல்லவில்லை என்று பொருள். சர்வீஸ் 'டிலேய்டு ஸ்டார்ட்' என்றிருந்தால் வெறும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். ரெக்கவரி பக்கத்தில் முதல் தோல்விக்கு 'ரீஸ்டார்ட் த சர்வீஸ்' வைத்து, பில்லிங் டாஸ்க்கின் தாமதத்தை 2 நிமிடமாக ஏற்றுங்கள். தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட எஸ்எஸ்டி மாற்றுவது மேல்.

எடைமேடையில் சாப்ட்வேர் திறந்தும் எடை வரவில்லையென்றால் ஸ்டார்ட்அப்பில் தேட வேண்டாம். கூட்டிப் பெருக்கும்போது கழன்ற யூஎஸ்பி கன்வர்ட்டரை வேறு துளையில் சொருகியிருப்பார்கள், காம் போர்ட் எண் (எடைக் கருவி இணைந்திருக்கும் துளைக்கு விண்டோஸ் கொடுக்கும் எண்) மாறியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பார்த்து சாப்ட்வேரில் மாற்றினால் சரி.

இத்தனையும் செய்தபின் சாப்ட்வேர் அப்டேட் வருகிற நாளில் மட்டும் ஒரு கண் வேண்டும். சில நிறுவனங்கள் பதிப்பு எண்ணோடு புது போல்டரில் நிறுவிப் பழையதை அழித்துவிடும். டாஸ்க் பழைய பாதையையே தேடும். ஷெட்யூலரில் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' 80070002 என்று முடிந்தால் பைல் அங்கே இல்லை. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஹிஸ்டரி பக்கம் உதவும். ஆனால் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். டாஸ்க்கை உருவாக்கும் அன்றே வலப்பக்கம் உள்ள 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி'யை அழுத்தி வைத்துவிடுங்கள்.