பிளைத்பர்க் தேவாலயம்: மேலே தேவதைகள், கீழே ஏழு பாவங்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கம், சவுத்வோல்ட் கடற்கரைக்கு ஏ12 சாலையில் போகிற முக்கால்வாசிப் பேர் இந்தத் தேவாலயத்தைக் காரில் இருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தி இறங்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, உள்ளே ஒரு உண்டியல் மட்டும்தான். இந்த வட்டாரத்தில் நான் ஏறி இறங்கிய கிராமத்துத் தேவாலயங்களில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

சில நூறு பேர் வசிக்கிற ஊருக்கு 120 அடிக்கு மேல் நீளத்தில் ஒரு கோயில் எதற்கு? 15ஆம் நூற்றாண்டில் இது பிளைத் ஆற்றின் மேல் நல்ல காசு புரண்ட துறைமுகம். பக்கத்திலேயே ஒரு துறவி மடம். அப்புறம் ஆறு தூர்ந்தது, பெரிய கப்பல்கள் வருவது நின்றது, 1537இல் மடத்தையும் மூடிவிட்டார்கள். அதன்பிறகு இடித்துப் புதுசாகக் கட்டவோ, பழசை நாகரிகமாக மாற்றவோ ஊரில் பணம் இல்லை. இன்றைக்கு நாம் இவ்வளவு பார்க்க முடிகிறதென்றால் அந்த வறுமைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கூரை ஒழுகி, மழை நாளில் ஆராதனைக்கு வந்தவர்கள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்களாம். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று பிஷப்பே பூட்டச் சொல்லிவிட்டார். பழுது பார்க்கும்போது, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கே வந்து, பளபளப்பாக்கிக் கெடுக்காதீர்கள் என்று மல்லுக்கட்டியது. நல்ல வேலை செய்தார்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் கழுத்தை மேலே தூக்குவார்கள். கூரையின் நடு உத்தரத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய ஜோடி ஜோடியாக, இறக்கை விரித்த மரத் தேவதைகள். சிவப்பும் பச்சையும் மங்கிப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டதால் ஜன்னல் வழியே வெளிச்சம் தாராளமாக வருகிறது. ஆனாலும் பைனாகுலர் இல்லாமல் முகம் தெரியாது, கையோடு கொண்டு போங்கள். தேவாலயங்களில் உருவங்களே கூடாது என்று 1644இல் சிலை உடைக்க ஊர் ஊராகச் சுற்றிய வில்லியம் டௌசிங் இங்கும் வந்து, இருபது தேவதைகளை இறக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு உயரத்துக்கு யார் ஏணி போடுவது? மேலே இருந்தவை தப்பித்தன. மரத்தில் ஈயக் குண்டுகள் கிடைத்ததும் அவருடைய ஆட்கள் சுட்டார்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளை விரட்ட, கோயில் கணக்கிலேயே வெடிமருந்தும் குண்டும் வாங்கியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கண்ணைக் கீழே இறக்குங்கள். பெஞ்சுகளின் முனையில் முழங்கால் உயரம்கூட இல்லாத மர பொம்மைகள். கிறிஸ்தவ மரபு சொல்கிற ஏழு பெரும் பாவங்களில் பலவும் மனித உருவில் இருக்கின்றன. தொப்பையைத் தடவுகிற பெருந்தீனிக்காரன், படுக்கையை விட்டு எழாத சோம்பேறி, பணப்பெட்டி மேல் உட்கார்ந்த கஞ்சன். கை கூப்பிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபம் செய்கிற ஒரு போலி பக்தன் உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அத்தை அவனை உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் எங்க தெருவுலயும் இருக்கான்டா" என்றார். முகம் சிதைந்தவையும் உண்டு, இருந்தாலும் ஆள் யாரென்று தெரிகிறது. இன்னொரு பக்கம் அறுவடை முதலான பருவ வேலைகள்.

பாடகர் இருக்கைகளையும் விடாதீர்கள். முகப்பில் அப்போஸ்தலர்கள் செதுக்கியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே பள்ளிக்கூடம் நடந்ததால் மேசைப் பலகையில் மைக்கூட்டுத் துளைகள்கூட இருக்கின்றன. 1682 என்று தேதி போட்ட தாடிக்கார மர வீரன் ஒருவன் மணியை அடிப்பான், ஆராதனை தொடங்கும்போது மட்டும். குழந்தைகளுக்கு அதைக் காட்ட ஞாயிறுதான் வசதி.

வடக்குக் கதவில் இருக்கிற தீய்ந்த தடங்களைச் சாத்தானின் விரல் என்கிறார்கள். 1577 ஆகஸ்ட் 4 அன்று இடியோடு புயல் வந்து கோபுர உச்சி சரிந்தது, ஓர் ஆளும் ஒரு பையனும் செத்துப்போனார்கள். உடனே அச்சான ஒரு துண்டுப் பிரசுரம் பழியைச் சாத்தான் உருவெடுத்து வந்த கருப்பு நாய் மேல் போட்டது. கதவில் உள்ளது அதன் நகத் தடம் என்பது ஊர்க்கதை. இந்த நாய்க்குக் கொடுக்கிற விளம்பரம் எனக்கு எரிச்சல்தான். தடங்களைப் பார்த்தால் மெழுகுத்திரிச் சூடு பட்டது போலத்தான் இருக்கிறது. அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு பெஞ்சைப் பார்க்காமல் போகிறவர்களை என்ன சொல்ல?

இசைப் பிரியர்களுக்கு ஒன்று: 1969இல் ஸ்னேப் என்ற ஊரின் இசை அரங்கம் எரிந்தபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மோட்சார்ட்டின் இடொமெனியோ என்ற இசை நாடகத்தை இங்கே மாற்றி நடத்தினார்.

குறை என்றால் குளிர்தான். கோடையிலும் கல் சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும் என்று நினைத்து வராதீர்கள். பெஞ்சுகளுக்கே அது பற்றாது.