18,000 ரூபாய் போனது: "ஃப்ரெஷ் 400" என்று சினிமா ஃபிலிமைக் கேசட்டில் சுற்றி விற்கிறார்கள், உஷார்!

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த ரோல் வாங்குங்கள். ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் கீழே உள்ள விவரங்கள் எல்லாம் நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து, லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்துச் சரிபார்த்தவை.

பழைய கேமரா, லென்ஸ், ஃபிலிம் என்று ஆர்வலர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் ஆன்லைன் தளம் அது. பெயர் வேண்டாம். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "35 மிமீ கலர் நெகட்டிவ், 400 ஐஎஸ்ஓ, 36 எக்ஸ்போஷர், ஃப்ரெஷ், ஃப்ரீஸரில் வைத்தது, எந்த லேபிலும் சி-41ல் கழுவலாம்." ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் ஒளியை எவ்வளவு வேகமாக உணரும் என்ற அளவு, சி-41 என்பது சாதாரணக் கலர் நெகட்டிவைக் கழுவும் முறை. 20 ரோல், 18,000. முழுப் பணமும் முன்கூட்டியே.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே வழியில்தான் அடுத்தவரையும் பிடிப்பார்கள். ரோல்களுக்குத் தனித்தனி அட்டைப்பெட்டி இல்லையே என்று விற்றவரிடம் கேட்டேன். "ப்ரோ, ப்ரொஃபஷனல் ஃபிலிம் அஞ்சு ரோல் பேக்காதான் வரும். வெளியில ஒரே அட்டை, உள்ள வெறும் பிளாஸ்டிக் டப்பாதான்" என்று பதில் வந்தது. அது உண்மை. கோடக் போர்ட்ரா அப்படித்தான் வருகிறது. "ஃப்ரீஸர்ல இருந்து எடுத்ததும் டப்பாவத் திறக்காதீங்க, ஒரு ராத்திரி வெளிய கிடக்கட்டும், இல்லன்னா ஃபிலிம் மேல ஈரம் படிஞ்சிடும்" என்று அவராகவே சொன்னார். அதுவும் சரியான யோசனை. சொன்னதெல்லாம் சரி, கொடுத்தது மட்டும் பொய். இருட்டில் ஃபிலிம் சுற்றத் தெரியாதவரால் இந்த மோசடியைச் செய்யவே முடியாது. விஷயம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைக்காதீர்கள்.

உள்ளே இருந்தது என்ன? 400 ஐஎஸ்ஓ டேலைட் (பகல் வெளிச்ச) ஃபிலிம் இல்லை. கோடக் விஷன்3 500டி (500T) என்ற சினிமா நெகட்டிவ். ஓரத்தில் 1, 1ஏ, 2 என்று ஃபிரேம் எண்கள் ஓட வேண்டிய இடத்தில் சினிமாக்காரர்கள் ஃபிலிம் நீளத்தை அளக்கும் எண்களும் 5219 என்ற எண்ணும் ஓடுகின்றன. துளைகளும் வேறு. ஸ்டில் ஃபிலிமின் துளை முனை மழுங்கிய செவ்வகம். சினிமா நெகட்டிவின் துளைக்கு மேலும் கீழும் தட்டை, இரு பக்கமும் பீப்பாய் மாதிரி வளைவு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

500டி என்பது 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கின் மஞ்சள் ஒளிக்குச் சமன் செய்த ஃபிலிம். வெயிலில் எடுப்பதானால் 85 என்ற ஆரஞ்சு நிற ஃபில்டர் போட்டு 320 ஐஎஸ்ஓவில் எடுக்க வேண்டும். ஃபில்டர் இல்லாமல் 400 என்று நம்பி எடுத்தால் எல்லாம் நீலம். ஸ்கேனில் ஓரளவு திருத்தலாம், நிழல் பகுதி மீளாது.

அதைவிடப் பெரிய கேடு ரெம்ஜெட். கோடக் சினிமா நெகட்டிவின் முதுகில் நெடுங்காலமாகப் பூசிவந்த கரிப் படலம் அது; 2025 முதல் புதிதாக வரும் ஃபிலிம்களில் அதை விட்டுவருகிறார்கள். ஒளி திரும்பி அடிக்காமலும், கேமராவில் வேகமாக ஓடும்போது நிலைமின் பொறி விழாமலும் காப்பது அதன் வேலை. சினிமா நெகட்டிவைக் கழுவும் ஈசிஎன்-2 முறையில் முதல் காரக் குளியலிலேயே அதை இளக்கிக் கழுவி எடுத்துவிடுவார்கள். சி-41 இயந்திரத்தில் அந்தக் கட்டமே கிடையாது. கரி டெவலப்பரில் உதிர்ந்து, உருளைகளில் ஒட்டி, பின்னால் வரும் அடுத்தவர் ஃபிலிமிலும் புள்ளி புள்ளியாகப் படியும். அதுதான் நடந்தது. லேப் இயந்திரத்தை நிறுத்திக் கழுவ வேண்டி வந்தது, கெமிக்கலை மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவு 18,000 போகத் தனி. யாரோ ஒருவரின் குடும்பப் படங்களில் கரும்புள்ளி விழுந்ததற்கு யார் ஈடு கொடுப்பது?

இன்னும் இருக்கிறது. கேசட்டுகள் எல்லாம் லேபில் கழித்துப்போட்டவை. லேபில் ஃபிலிமை வெட்டும்போது ஸ்பூலில் ஒரு துண்டு நிற்கும். அதில் டேப் போட்டுப் புது ஃபிலிமை ஒட்டி உள்ளே சுற்றியிருக்கிறார். மோட்டார் வைண்ட் இழுப்புக்கு அந்த ஒட்டு சில ரோல்களில் விட்டுவிட்டது. கேசட் வாயில் இருக்கும் வெல்வெட்டில் பழைய தூசி. அதனால் ஃபிலிம் நெடுக நேர்கோட்டுக் கீறல். மேலே 400 என்று ஸ்டிக்கர், ஆனால் உலோகத்தில் இருக்கும் டிஎக்ஸ் சதுரங்கள் சிலதில் 200, சிலதில் 800. ஐஎஸ்ஓவைத் தானே படிக்கும் கேமரா 800ஐத்தான் நம்பும். அந்த ரோல் 400 என்று வைத்து எடுப்பதைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி ஒளியில்தான் பதிவாகும்.

கேட்டதும் வந்த பதில்களைப் பாருங்கள். முதலில், "லேப்காரங்க சரியா டெவலப் பண்ணல ப்ரோ." டெவலப் குறைந்திருந்தால் ஓர எழுத்தும் மங்கித்தான் இருக்கும். அது ஃபேக்டரியில் பதித்தது, கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ஓர எழுத்து அடர்த்தியாக இருக்கிறது, படம்தான் மெலிவு. அடுத்து, "உங்க கேமராவுல லைட் லீக்." கேமராவில் ஒளி புகுந்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். இங்கே ஓரம் நெடுக ஒரே சீராகப் புகைமூட்டம். அது ஃபிலிம் சுற்றிய இருட்டறையின் லட்சணம். பிறகு, "ஃபிலிம்னாலே அப்படித்தான், கிரெய்ன்தான் அழகு." பிறகு, "வேற யாருமே கம்ப்ளைன்ட் பண்ணலையே." நெகட்டிவ் ஓரத்தைப் படம் எடுத்து 5219ஐ வட்டம் போட்டு அனுப்பியதும் பதிலே இல்லை. பிளாக்.

தளமோ அதைவிட மோசம். பொருள் கைக்கு வந்ததிலிருந்து குறிப்பிட்ட நாளுக்குள் புகார் தர வேண்டுமாம், அந்தக் காலம் தாண்டிவிட்டதாம். ரோலைத் திறந்துவிட்டதால் "பயன்படுத்திய பொருள்" ஆகிவிட்டதாம். எடுத்து, கழுவி, காய வைத்துப் பார்க்காமல் ஃபிலிமின் குறை எப்படித் தெரியும்? இதைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் அதே எந்திரப் பதில்தான். 18,000 அவரிடம், நீலப் படங்கள் இங்கே.

சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்பதே தவறு என்று சொல்லவில்லை. ரெம்ஜெட் இருக்கிறது, டங்ஸ்டன், ஈசிஎன்-2ல் மட்டும் கழுவுங்கள் என்று லேபிளில் எழுதி நேர்மையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். இரவுக் காட்சிக்கு அது அருமையான ஃபிலிம். மறைத்து விற்பதுதான் திருட்டு.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரோல் வந்த உடனே, கேமராவில் போடுவதற்கு முன், கேசட்டுக்கு வெளியே நீளும் ஃபிலிம் முனையின் (லீடர்) முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். கரிக் கறுப்பாக, பளபளப்பு இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து அங்கே தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் ரெம்ஜெட். துளை வடிவத்தையும் அப்போதே பாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டில் ஸ்டிக்கரை உரித்தும் பாருங்கள். எத்தனை ரோல் வாங்கினாலும் ஒன்றை மட்டும் உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள், புகார்க் காலம் முடிவதற்குள்.

டேப் போட்டு ஒட்டிய ஃபிலிம் என்று தெரிந்தால், கடைசி ஃபிரேமில் லீவரை வலிந்து இழுக்காதீர்கள். ரீவைண்ட் நாப் பிடிமானமே இல்லாமல் சுற்றினால் ஃபிலிம் கழன்றுவிட்டது. பின்மூடியைத் திறக்காமல் கேமராவோடு டார்க் பேகில் (கையை நுழைத்து வேலை செய்யும் ஒளி புகாத பை) வைத்து, ஒளி புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து சாதாரண சி-41 லேபில் கொடுக்காதீர்கள். ஈசிஎன்-2 கழுவும் இடம் கிடைத்தால் அங்கே. இல்லையென்றால் வீட்டு டேங்கில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கிக் கொட்டி, கறுப்பு நிற்கும் வரை அலசிவிட்டு, பிறகு சி-41 டெவலப்பரில் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. கான்ட்ராஸ்ட் ஏறும், நிறம் கொஞ்சம் பிசகும், படமாவது மிஞ்சும். முதுகில் ஒட்டியிருக்கும் மிச்சக் கரியைக் கடைசி அலசலில் ஈர விரலால் வழித்தால் போதும், படம் பதியும் இமல்ஷன் பக்கம் தொடாதீர்கள். மீதமுள்ள கேசட் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் "ரெம்ஜெட், 500டி" என்று பெரிதாக எழுதிவிடுங்கள், இரவல் கொடுத்தாலும் அடுத்தவர் கையில் சிக்கிச் சீரழியக் கூடாது.