1,85,000 ரூபாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்ட கதை: பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் மேஸ்திரி என் ஜீப் இன்ஜினின் ஹெட்டையும் (மேல் பாகம்) சம்ப்பையும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றினார். ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீப்பை வேலைக்கு விடும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1991 மாடல் மஹிந்திரா எம்.எம்.540. போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி. உள்ளே பூஜோ வழிவந்த எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), அதுதான் அந்த 4.90. மொத்தம் 2112 சி.சி. அப்பா போனபின் நாலு வருஷம் ஷெட்டில் நின்றது. ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் மூடி வழியாகப் புகை தள்ளும், கியர் போட்டால் கரகரக்கும், பிரேக்கை மூன்று தடவை மிதிக்க வேண்டும். உள்ளூர் மேஸ்திரியே செய்து தருகிறேன் என்றார். ஆனால் அவருக்கு வயசாகிவிட்டது, ஒரு வருஷம் இழுத்துவிடுவார் என்று நினைத்தேன். என் புத்தி அங்கேதான் முதலில் கெட்டது.

கோவைப் பக்கம் பழைய ஜீப்புகளைப் புதுசாக்கித் தரும் ஒரு பட்டறை. பெயரைப் போடவில்லை. செல்போன் வீடியோவில் பிரபலம். துருப்பிடித்த வண்டி உள்ளே போகும், பாட்டு ஓடும், பளபளவென்று வெளியே வரும். அதைப் பார்த்துப் பார்த்து மயங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். போனதும் பையிலிருந்து அட்வான்ஸை எடுத்தேன். அந்த ஆள் கையைத் தடுத்தார். "இப்ப வேண்டாங்ண்ணா. மொதல்ல தொறந்து பாக்கறேன், என்ன கெட்டிருக்குதோ அதுக்கு மட்டும் குடுங்க" என்றார். ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், விரலில் தொட்டு முகர்ந்தார். "அப்பா வண்டிங்களா? அப்ப நல்லாப் பண்ணோணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசைக் கையால் தள்ளுகிற மனுஷன் ஏமாற்றுவானா என்றுதானே யாருக்கும் தோன்றும்?

நாலு நாள் கழித்து அட்வான்ஸ் 60,000. இன்ஜின் பொருள் வாங்க 75,000. டெலிவரிக்கு முந்தின நாள் 50,000. ஆக 1,85,000 ரூபாய். லாரி வாடகை தனி. பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி. போட்டா முப்பத்து மூவாயிரம் ஏறுமுங்ண்ணா, எதுக்கு வீணா?" என்றார். அதுவும் சரிதானே என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங் 0.25 (கிராங்க் தண்டை 0.25 மில்லிமீட்டர் தேய்த்துச் சீராக்குவது), பேரிங் செட், பம்ப் காலிபரேஷன் (டீசல் பம்ப்பைச் சரியான அளவுக்கு வைப்பது), நாசில் நாலு, கியர்பாக்ஸ் பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), பிரேக் வேலை. அழகான கையெழுத்து.

டிரையல் ஓட்டம் அபாரம். மூன்றாவது கியரில் காலை வைத்தால் பாய்ந்தது. ஆயில் பிரஷர் முள் மேலேயே நின்றது. வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு மாலை போட்டேன்.

சரியாக 210 கிலோமீட்டர். மலையடிவாரத்து முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில் கறுப்புப் புகை, சூட்டு முள் சிவப்பில். ஓரமாக நிறுத்தினால் ஐடிலில் ஆயில் பிரஷர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, கீழே டக் டக் என்று ஒரு சத்தம். இறங்கும்போது பிரேக் பெடல் அடி வரைக்கும் போனது. டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில், அதாவது மேட்டுக்கான மெதுவான இழுவையில், போட்டால் லிவர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது. பக்கத்தில் என் மகன். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஊர்ந்துதான் கீழே வந்தோம்.

போன் போட்டேன். முதல் நாள்: "புது இன்ஜினுங்ண்ணா, செட் ஆகோணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." மூன்றாம் நாள்: "மீட்டர் பழசு, அது பொய் சொல்லும்." அடுத்த வாரம்: "என்ன ஆயில் ஊத்துனீங்க?" நான் ஊற்றவே இல்லை, ஊற்றியது அவர்கள். அப்புறம் ஒரு பையன் எடுப்பான்: "அண்ணன் வெளிய போயிருக்காருங்." எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் அண்ணன் வெளியேதான். வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றேன், "ரெண்டு மாசம் ஸ்லாட் இல்லீங்க" என்றார்கள். வீடியோவுக்குக் கீழே நாகரிகமாகத்தான் எழுதினேன், பத்து நிமிஷத்தில் காணோம். மறுபடி எழுதப் போனால் என்னை பிளாக் பண்ணியிருந்தார்கள். அதே நாளில் புது வீடியோ ஒன்று, யாரோ ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு சிரிக்கிறார். அவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

வேறு வழியில்லாமல் உள்ளூர் மேஸ்திரியிடமே போனேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சம்ப்பில் இருந்த ஆயில் கூழ் மாதிரி கெட்டியாக இருந்தது. குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் முள்ளை மேலே நிறுத்தி வைக்கிற வேலை அது, சூடேறியதும் சாயம் வெளுத்துவிட்டது. கனெக்டிங் ராடு பேரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. திருப்பிப் பார்க்கச் சொன்னார். முதுகில் எஸ்.டி.டி. என்று பொறித்திருந்தது, அதாவது ஸ்டாண்டர்டு, கிரைண்டிங் பண்ணாத கிராங்க்குக்கான அளவு. கிராங்கை 0.25 கிரைண்டிங் பண்ணியிருந்தால் 0.25 பேரிங்தானே வர வேண்டும்? கிராங்க் பட்டறைக்கே போகவில்லை. அப்பா காலத்துப் பேரிங். அதிலேயே ஓட்டியதால் கிராங்க்கில் இப்போது கோடு விழுந்துவிட்டது. 0.25-ல் முடிந்திருக்க வேண்டியது இனி 0.50-க்குப் போகும் என்கிறார்.

பம்ப்பில் காலிபரேஷன் நடந்த அடையாளமே இல்லை. டீசல் அளவு ஸ்குரூவை மட்டும் திருகிக் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பாய்ச்சலும் அதனால்தான், கறுப்புப் புகையும் சூடும் அதனால்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் மூடியில் வெள்ளிப் பெயின்ட், நட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் மேலே ஒரே தோலாக, கீறல்கூட இல்லாமல். திறந்தால்தானே கீறல் விழும்! டிரெயின் பிளக்கைக் கழற்றினால் கறுப்பு ஆயில், வெயிலில் இரும்புத் தூள் மினுங்குகிறது.

பிஸ்டன் விஷயம்தான் என்னை அழவைத்தது. "புது பிஸ்டனுங்ண்ணா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சொந்தக்காரர்கள் குரூப்பில் எல்லாம் பெருமையாகப் போட்டேன். மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். "தம்பி, இது ஒங்க வண்டிப் பிஸ்டனே இல்லையே" என்றார். படத்தில் பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரி ஆழமான குழி. அது எம்.டி.ஐ. இன்ஜின் பிஸ்டன், டீசல் நேராகப் பிஸ்டன் தலையிலேயே எரிகிற ரகம், போரும் 88.9 மில்லிமீட்டர்தான். என் பூஜோவில் ஹெட்டுக்குள் தனி அறையில் எரிய ஆரம்பிக்கும், அதற்குத்தான் ஹீட்டர் பிளக், பிஸ்டனில் அந்த ஆழக் குழி கிடையாது. என் இன்ஜினுக்குள் இருந்தது பழைய பிஸ்டனேதான், கரியைச் சுரண்டிய கோடுகளோடு. யாரோ ஒருத்தர் வண்டிப் பிஸ்டனின் படத்துக்கு நான் 75,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

1,85,000. ஏல விலை நன்றாக இருந்த வருஷம் சேர்த்து வைத்தது. மகளுக்கு வண்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்த காசு. 1,85,000!

1915-க்கு, அதாவது நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணிவிட்டேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாமாம், அஞ்சு லட்சத்துக்குள் கட்டணமும் கிடையாது. யு.பி.ஐ. ரசீது மூன்றும் இருக்கிறது. முறையான பில்தான் இல்லை. முப்பத்து மூவாயிரத்தை மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் நான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. நாலைந்து மட்டும் சொல்கிறேன். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் மாற்றவில்லை என்று அர்த்தம். கிராங்க் வேலைக்கு லேத் பட்டறைச் சீட்டு, பம்ப்புக்கு டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட், இரண்டையும் கண்ணால் பாருங்கள். டிரையல் பார்த்தால் மேட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு ஐடிலில் பிரஷரைப் பாருங்கள். வீடியோவை நம்பாதீர்கள்.

எக்ஸ்.டி.பி. 4.90-க்கு 0.50 பேரிங் செட், ஒரிஜினல், கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ யார் கண்ணிலாவது பட்டிருந்தால் கமென்டில் சொல்லுங்கள். மேஸ்திரி பத்து மணிக்கு வருகிறார், கிராங்கை இறக்க வேண்டும்.