‘நிதானமாக’ உட்கொள்ள வேண்டிய மாத்திரை

வெளிநாட்டில் அக்கா வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டு அம்மா திரும்பி வந்தபோது, அங்கே மருத்துவர் எழுதிக்கொடுத்த தைராய்டு மாத்திரைகளையும் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் மருந்துக் கடையில் ஒட்டிய சின்னக் காகிதம். அதில் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வரி. “இதில் என்னப்பா போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்” என்றார். அக்காவிடமே கேட்டிருக்கலாம். இரவுப் பணி முடித்து அவள் தூங்கும் நேரம் அது. அதோடு, கையில் கைபேசி இருக்கும்போது ஒரு வரிக்காக ஒருத்தியை எழுப்புவதா என்ற மிதப்பும் எனக்கு இருந்தது.

கைபேசியில் ஏற்கெனவே ஓர் இலவச மொழிபெயர்ப்புச் செயலி உண்டு. ஆனால் மருந்து விஷயம் ஆயிற்றே, இன்னும் நல்லதாக ஒன்று வேண்டும் என்று செயலிக் கடையில் தேடினேன். முதலில் வந்ததையே தொட்டேன். அதன் பக்கத்தில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அதாவது, அது முதலில் நின்றது காசு கொடுத்து வாங்கிய இடத்தில். நட்சத்திரங்கள் ஏராளம். பாராட்டுகளெல்லாம் ‘அருமை’, ‘சூப்பர்’ என்று ஒற்றைச் சொல்லில். அண்மையில் வந்த கருத்துகளை மேலே வரும்படி மாற்றிப் பார்த்திருந்தால் ஒரே ஒப்பாரியாக இருந்திருக்கும். பார்க்கவில்லை.

திறந்ததும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு: ‘3 நாள் இலவசம்’. கீழே கட்டைவிரல் அகலத்துக்கு நீலப் பொத்தான். அதற்கும் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில், அதன் பிறகு வாரந்தோறும் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரி. மூடுவதற்கான பெருக்கல் குறி உடனே தெரியாது. சில விநாடி கழித்து, மேல் மூலையில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கலாக முளைக்கும். அதற்குள் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. கைரேகை கேட்டது, வைத்தேன். முடிந்தது கதை.

இனி மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். கேமராவைக் காகிதத்தின் மேல் பிடித்தால் ஜெர்மன் எழுத்து மறைந்து அதே இடத்தில் தமிழ் வந்தது. பார்க்க வித்தைதான். ஆனால் கை கொஞ்சம் ஆடினால் ‘காலையில்’ என்பது ‘நாளை’ ஆயிற்று, மறுபடி ‘காலையில்’. காரணம் பிறகு தெரிந்தது. ஜெர்மனில் ‘மோர்கன்ஸ்’ என்றால் காலை வேளைகளில். கடைசி ஸகரத்தைக் கேமரா தவறவிட்டால் மிஞ்சும் ‘மோர்கன்’ என்பதற்கு நாளை என்றும் பொருள். பெட்டியின் பளபளப்பில் அந்த ஓர் எழுத்து தோன்றித் தோன்றி மறைந்தது. கடைசியில் படமாக எடுத்துக் கொடுத்தேன். வந்த விடை: ‘தினமும் 1 முறை காலையில் நிதானமாக உட்கொள்ளவும்.’

எவ்வளவு நல்ல வாக்கியம் பாருங்கள். இலக்கணப் பிழை இல்லை, ஒற்றுப் பிழை கூட இல்லை. அம்மாவும் சொன்னபடியே காலை உணவை முடித்து, காபி குடித்து, ஆற அமர நிதானமாக மாத்திரை போட்டுக்கொண்டார். அக்கா வீட்டில் விடியற்காலையில் எழுப்பித் தண்ணீரோடு கொடுப்பாளாம். வேலைக்குப் போகிற அவசரம் என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து, பேச்சுவாக்கில் அக்காவிடம் அம்மா இதைச் சொல்ல, தொலைபேசியில் அவள் போட்ட சத்தம் அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அந்தக் காகிதத்தில் இருந்த சொல் ‘நுஷ்டெர்ன்’. அதற்கு ஜெர்மனில் உள்ள பொருள்களில் இரண்டு: வெறும் வயிற்றோடு இருப்பது ஒன்று, குடிபோதை இல்லாமல் இருப்பது இன்னொன்று. மொழிபெயர்ப்பு எந்திரங்கள் பலவும் இதுபோன்ற இரு மொழிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைப் பாலமாக வைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் போதையில்லாத நிலைக்கு ‘சோபர்’. அது தமிழுக்கு வரும்போது ‘நிதானமாக’. போதையில்லாதவனை நாமும் நிதானத்தில் இருக்கிறான் என்றுதானே சொல்கிறோம்! ஒவ்வொரு படியிலும் தப்பே இல்லாமல் நகர்ந்து, கடைசியில் பொருள் மட்டும் காணாமல் போய்விட்டது. சோதிப்பதற்காக இடையில் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ‘சோபர்’ அங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

தைராய்டு மாத்திரையைச் சாப்பாட்டோடும் காபியோடும் போட்டால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. அம்மா அந்த வாரங்களில் சோர்வாகவே இருந்தார். வயதாகிறது என்று நாங்கள் எங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பணத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாளே அந்தச் செயலியை நீக்கிவிட்டேன். வேலை முடிந்தது, சந்தாவும் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விஷயம் வெடித்த அன்றுதான் வங்கிக் குறுஞ்செய்திகளைத் தோண்டினேன். மூன்று வாரமாக மூன்று முறை பிடித்திருக்கிறார்கள். செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. இதைத் தயவுசெய்து மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சந்தாக் கணக்கு செயலிக் கடையில் இருக்கிறது, உங்கள் கைபேசித் திரையில் இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்கள், சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோன் என்றால் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். அங்கே இலவசக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும், கடைசி நிமிடத்தில் செய்தால் பிடித்துவிடுவார்கள். பிளே ஸ்டோரில் பணம் பிடித்த 48 மணி நேரத்துக்குள் கேட்டால் அங்கேயே திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. எனக்குக் கடைசி வாரத்துப் பணம் மட்டும் வந்தது. முந்தையவற்றுக்குச் செயலிக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். அவருக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை.

இந்த வகைச் செயலிகளுக்கு 2019இல் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபிளீஸ்வேர்’ என்று பெயர் வைத்தது. ஆட்டின் உரோமத்தை ஒட்டக் கத்தரிப்பது என்ற பொருளிலிருந்து வந்த பெயர். மொட்டையடிப்பது என்று நாம் சொல்வது இன்னும் பொருத்தம். இவற்றில் வைரஸ் இருக்காது. எளிய வேலை ஒன்றுக்கு அநியாயக் காசு வாங்குவதுதான் தொழிலே.

கேமரா மொழிபெயர்ப்பைத் தங்கள் கண்டுபிடிப்பு போல இவர்கள் விற்கிறார்கள். அந்த வித்தையை 2010லேயே வேர்டு லென்ஸ் என்ற செயலி காட்டிவிட்டது. 2014இல் கூகுள் அதை வாங்கி, அடுத்த ஆண்டே தன் இலவசச் செயலியில் சேர்த்துவிட்டது. வயிற்றெரிச்சலில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். அதே வரியை என்னிடம் முன்பே இருந்த இலவசச் செயலியில் போட்டேன். எழுத்துக்கு எழுத்து அதே விடை, அதே ‘நிதானமாக’. காசு வாங்கிய செயலியின் நிபந்தனைகளைக் கடைசிவரை படித்தபோது, மொழிபெயர்ப்பை வெளியார் சேவைகள் வழங்கக்கூடும் என்று ஒரு வரி. அடுத்த கடைத் தண்ணீரைப் பிடித்துத் தன் முத்திரை ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் இன்னும் என்னை உறுத்துவது வேறு. படம் எடுத்த காகிதத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. அது யாருடைய கணினிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. ஓர் இலவச மொழிபெயர்ப்பு இணையதளத்தில் மக்கள் இட்ட உரைகள் கூகுள் தேடலில் அகப்பட்டதை 2017இல் நார்வே நாட்டு ஊடகம் வெளிக்கொண்டுவந்தது. அலுவலகக் கடிதங்கள் வரை அதில் இருந்தன. இப்போதெல்லாம் பெயர் இருக்கும் இடத்தை விரலால் மறைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். மருந்துச் சீட்டு என்றால் அதுவும் இல்லை. மருந்தாளுநரிடம் நேரே நீட்டிவிடுகிறேன். மற்றதற்கு, விடையில் முக்கியமான சொல் எதுவோ அதை மட்டும் தனியே அகராதியில் பார்ப்பேன். ‘நுஷ்டெர்ன்’ என்ற சொல்லுக்கு அப்படிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அம்மா இப்போது பெட்டியின் மேல் பேனாவால் ‘வெறும் வயிறு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். போன வாரம் அந்தச் செயலிக்காரரிடமிருந்து ஒருவழியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. என் புகாருக்குப் பதில் அல்ல. திரும்பி வந்தால் இந்த முறை 7 நாள் இலவசமாம். தலைப்பில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள்: ‘நாங்கள் உங்களைத் தவறவிட்டோம்!’