ஒரே சப்ளையர் என்று நம்பினேன், பெட்டிக்குள் இருந்தது மூன்று தொழிற்சாலைச் சரக்கு

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற தீபாவளிக்கு முன்னால் என்னிடம் திரை மாற்றிய வாடிக்கையாளர்களும் இதைப் படிக்க வேண்டும். உதிரிப் பாகங்களை ஒரே ஆளிடம் வாங்கலாமா, பல தொழிற்சாலைகளிடம் பிரித்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். 9,600 மலேசிய வெள்ளி கொடுத்து நான் தெரிந்துகொண்ட விஷயம் இது.

பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன். முன்பெல்லாம் நான்கு பேரிடம் சரக்கு எடுப்பேன். திரைக்கு ஈப்போவில் ஒருவர், பேட்டரிக்கு இன்னொருவர், சார்ஜிங் போர்டும் சில்லறைச் சாமான்களும் கோலாலம்பூரிலிருந்து பார்சலில் வரும். அலைச்சல்தான். ஒரு போனை முடிக்க இரண்டு பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டும். நம் ஊரில் ஆட்கள் சம்பளம் வாங்கிய வாரத்தில்தான் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வாரத்தில் சாமான் கையில் இல்லையென்றால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. "நீங்க ஏன்ணே நாலு பேர்கிட்ட அலையிறீங்க? திரை, பேட்டரி, பிளெக்ஸ் எல்லாமே நம்மகிட்ட. சீனாவுல ஷென்சென்ல நேரடித் தொழிற்சாலை. ஒரே பில், ஒரே வாரண்டி" என்றார். பிளெக்ஸ் என்றால் பாகங்களைப் போர்டோடு இணைக்கும், வளைந்து கொடுக்கும் மெல்லிய கேபிள். மாதிரிக்கு ஆறு திரையும் பத்துப் பேட்டரியும் வாங்கினேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்து 1,800 வெள்ளிக்கு ஒரு ஆர்டர், அதுவும் சுத்தம். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பெரிய ஆர்டர் போட்டேன். சாம்சங் ஏ50 திரை 20, ஐபோன் எக்ஸ் திரை 20, பேட்டரி 60, மீதிக்கு சார்ஜிங் பிளெக்ஸ். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார். கட்டினேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், எந்தப் புகாரும் இல்லை. அந்தத் தளம் அந்தக் கணக்கின்மேல் புகார் வந்திருக்கிறதா என்றுதான் சொல்லும். ஆள் நேர்மையானவரா என்று அது எப்படிச் சொல்லும்? நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டேன்.

சரக்கு வந்தது. பண்டிகைக் கூட்டம். தொடுதல், நிறம், வெளிச்சம் மூன்றையும் பார்த்துப் பார்த்து மாட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெரியம்மா வந்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஏ50. நான்தான் திரை மாற்றியிருந்தேன். கைரேகை வைத்தால் போன் திறக்கவில்லை. பேரன் போட்டுக்கொடுத்த எண் அவருக்கு நினைவில் நிற்காது. ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போன் உறைக்குள் மடித்து வைத்திருந்தார், ஒவ்வொரு முறையும் அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறார். என்னிடம் கோபமே படவில்லை. "உன் வேலைல குறை இல்ல தம்பி. கத்தி புடிச்சுப் புடிச்சு என் விரல் தேஞ்சு போச்சு, அதான் இது எடுக்க மாட்டேங்குது" என்றார். கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி வைத்துக் காட்டினார். நான் என் விரலைப் பதிந்து பார்த்தேன். அதுவும் எடுக்கவில்லை. பழைய திரையில் அவர் விரலை நன்றாகவே எடுத்துக்கொண்டிருந்த போன் அது. என் சரக்கு செய்த கோளாறுக்கு அந்த அம்மா தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டு நின்றதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ50-இல் கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது. திரை தன் வெளிச்சத்தை விரல்மேல் அடிக்கும், விரலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அந்த உணரி படிக்கும். ஒரிஜினல் திரை ஓஎல்இடி வகை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். பின்விளக்கு கிடையாது, அதனால் வெளிச்சம் ஊடுருவி அடியில் போய்ச் சேரும். டிஎஃப்டி, இன்செல் என்று விற்கும் மலிவு நகல் திரைகளுக்குப் பின்னால் விளக்குத் தகடு உண்டு. அது வழியை அடைத்துக்கொள்ளும். விரல் தேய்ந்திருந்தாலும் தேயாவிட்டாலும் எடுக்காது. மலிவுத் திரை விற்பது குற்றம் இல்லை. "இது டிஎஃப்டி, கைரேகை வேலை செய்யாது, விலை குறைவு" என்று சொல்லி மாட்டினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். என் பில்லில் ஓஎல்இடி என்று இருந்தது. அந்த விலையைத்தான் வாங்கியிருந்தார்கள். மாட்டும்போதே கைரேகையைச் சோதிக்காதது என் தவறு, அதை மறைக்க மாட்டேன்.

அன்றிரவு கடையை இறக்கிவிட்டு மீதியிருந்த பன்னிரண்டு ஏ50 திரைகளையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாக ஒரு பழைய போர்டில் மாட்டி, முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, கடை விளக்கை அணைத்தேன். ஏழு திரை இருட்டோடு இருட்டாக மறைந்துவிட்டது, எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஐந்து திரை சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக வெளிச்சம் விட்டுக்கொண்டு நின்றது. ஒரே பெட்டி, ஒரே பில், ஒரே பெயர். திரைகள் பிரேமோடு வந்ததால் தடிமனும் வெளியே தெரியவில்லை.

அப்புறம் பின்பக்கம் ஒட்டியிருந்த அவருடைய பளபள ஸ்டிக்கரை ஆல்கஹால் தொட்டு மெதுவாக உரித்தேன். சிலவற்றின் அடியில் சீன எழுத்தில் மை முத்திரை. சிலவற்றில் எழுத்தே இல்லை, நீலப் புள்ளி மூன்று. மற்றவற்றில் எதையோ சுரண்டி எடுத்த தடம். பிளெக்ஸ் கேபிளில் அச்சிட்டிருந்த எண் வரிசையும் மூன்று விதம். "நேரடித் தொழிற்சாலை" என்று அவர் சொன்னது அன்றன்றைக்கு எங்கே மலிவோ அங்கே பொறுக்கி, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது. மாதிரிக்கு வந்தது ஒரு இடம், பணம் கட்டிய பிறகு வந்தது வேறு இடங்கள்.

ஐபோன் திரைகளிலும் இதே கதை. சாஃப்ட் ஓஎல்இடி என்றால் உள்ளே பிளாஸ்டிக் தளம், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஹார்ட் என்றால் கண்ணாடித் தளம், விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். கேட்டதும் பணம் கட்டியதும் சாஃப்ட், பாதி வந்தது ஹார்ட்.

பேட்டரிதான் பயமுறுத்தியது. ஐபோன் எக்ஸின் சொந்த பேட்டரி 2716 எம்ஏஎச். எனக்கு வந்தவற்றில் பல, மேலே 3200 என்று அச்சிட்டவை. அதே அளவு, அதே வடிவம், கொள்ளளவு மட்டும் எப்படி இவ்வளவு கூடும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பின்னால் மின்சுமை சோதனைக் கருவியில் வைத்து முழுதாகக் காலி செய்து பார்த்தபோது 2300-ஐத் தொட்டவையே குறைவு. செம்பனைக் குலை லாரி ஓட்டும் ஒரு அண்ணனின் போனில் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிட்டது. வண்டி முகப்பில் வெயிலில் வைத்தால் எந்தப் பேட்டரிக்கும் கெடுதிதான், ஆனால் மூன்றே வாரத்தில் உப்பக் கூடாது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

இனி வாரண்டி. ஆறு மாதம் என்றார்கள். திரையின் மேல் மெல்லிய படலத்தை உரித்தால் கிடையாது. போனில் பொருத்தினால் கிடையாது. பொருத்தாமல் கைரேகை எடுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கேட்டேன், பதில் இல்லை. அனுப்பும் செலவும் திரும்ப வரும் செலவும் நம்முடையது. பணம் திரும்ப வராது, "அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம்ணே." இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். போன பணத்தை மீட்க அதே ஆளிடம் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். திரை, பேட்டரி, பிளெக்ஸ் எல்லாம் அவரிடமே மாட்டிக்கொண்டிருப்பதால் எதில் சண்டை போட்டாலும் மற்றது நின்றுவிடும். நான்கு பேரிடம் வாங்கிய காலத்தில் ஒருவர் ஏமாற்றினாலும் மீதி மூன்று பேர் இருந்தார்கள். ஒன்பது திரையைத் திருப்பி அனுப்பினேன், மாற்றாக வந்ததிலும் நான்கு சாம்பல் பூத்தவை. அதன்பிறகு செய்திகளை அவர் படிப்பதும் நின்றுவிட்டது. பெயரை இங்கே போடவில்லை. இப்படி நடத்துகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்குத்தான் அந்த வழி. வியாபாரத்துக்கு, மறுவிற்பனைக்கு வாங்கியவர் அந்தச் சட்டத்தில் பயனீட்டாளர் ஆக மாட்டார். ஆனால் என் வாடிக்கையாளர் என்மேல் அங்கே வழக்குப் போடலாம், அது நியாயமும்கூட. கடைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மேலே இருப்பவர் கைவிட்டால் கீழே இருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

சரி, ஆத்திரத்தில் நேராகத் தொழிற்சாலைகளிடமே போவோம் என்று அதையும் முயன்றேன். பள்ளியில் என்னோடு படித்த சீன நண்பர் மாண்டரினில் பேசிக் கொடுத்தார். ஒரு மாதம் அதிலேயே போனது. திரை செய்கிறவர் திரை மட்டும் செய்கிறார், பேட்டரி செய்கிறவர் பேட்டரி மட்டும். ஒவ்வொருவரும் கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை என் கடையின் ஒரு வருட வியாபாரம். பேட்டரியை நினைத்தபடி விமானத்தில் போட்டு அனுப்பவும் முடியாது. 2016 ஏப்ரலிலிருந்து தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதச் சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. கப்பலில் வந்தால் வாரக்கணக்கு. ஷென்சென் ஹுவாசியாங்பெய் சந்தையில் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன, அங்கேயும் "தொழிற்சாலை" என்று பலகை வைத்திருப்பவர் எல்லாரும் தொழிற்சாலைக்காரர் இல்லை. நம்மைப் போன்ற சிறுகடைக்கு ஐந்து தொழிற்சாலையோடு ஐந்து வாரண்டிச் சண்டை என்பது ஆகிற காரியம் இல்லை. ஊரில் நான்கைந்து கடைகள் சேர்ந்து எடுத்தால் நடக்கலாம். யாருக்காவது விருப்பம் இருந்தால் பேசுவோம்.

இப்போது நான் செய்வது இதுதான். திரைக்கு இரண்டு பேர், பேட்டரிக்கு வேறு ஒருவர். "எத்தனை தொழிற்சாலை" என்று நான் கேட்பதே இல்லை. இந்தத் திரை எந்தத் தொழிற்சாலை, எந்த பேட்ச், அதாவது எந்தத் தடவை செய்த சரக்கு, அடுத்த முறை மாறினால் முன்கூட்டிச் சொல்வீர்களா என்று கேட்கிறேன். சொல்ல மறுப்பவரிடம் ஒரு பிளெக்ஸ்கூட வாங்குவதில்லை. பில்லில் டிஎஃப்டியா, ஹார்டா, சாஃப்டா என்று எழுதச் சொல்கிறேன். "ஒரிஜினல்", "டிரிபிள் ஏ" என்ற சொற்களை ஏற்பதில்லை, அவற்றுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. மாதிரித் திரை ஒன்றை மாட்டாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன், புதுப் பெட்டி வந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க. படலத்தை உரிக்காமலே ஒரு போர்டில் மாட்டி, விளக்கை அணைத்துக் கறுப்பைப் பார்க்கிறேன். ஏ50 மாதிரி போன்களில் கைரேகையைப் பதிந்து பார்த்த பிறகுதான் பசை. பொருத்திச் சோதித்தாலும் வாரண்டி உண்டு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குகிறேன். பணம் நிறுவனக் கணக்குக்கு மட்டும், அதுவும் பாதி முன்னால், பாதி சோதித்த பிறகு. தள்ளுபடி போனால் போகட்டும்.

பெரியம்மாவுக்கு என் செலவில் சரியான ஓஎல்இடி திரை மாட்டிக் கொடுத்தேன். கட்டைவிரலை வைத்தார், இரண்டாவது தடவையில் திறந்தது. உறைக்குள் இருந்த துண்டுத்தாளை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் என்னிடம் ஏ50 திரையோ ஐபோன் எக்ஸ் திரை, பேட்டரியோ மாற்றியவர்கள் போனைக் கொண்டு வாருங்கள். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, என் நோட்டில் இருக்கிறது. உப்பின பேட்டரி என்று சந்தேகம் இருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். கடைக்கார நண்பர்கள் யாராவது வந்தால் ஸ்டிக்கர் உரித்த திரைகளைக் காட்டுகிறேன். உரிக்காதது இன்னும் மூன்று இருக்கிறது, அதை நீங்களே உரித்துப் பாருங்கள்.