ஒற்றைக் கிட்டாருக்கு ஒரு பெட்டி: ஏழு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துக் கோவில் திருவிழா, கல்யாண விருந்து, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி என்று கிட்டாரோடு தனியாகப் பாடி வருகிறேன். தாளத்துக்கோ பின்பாட்டுக்கோ பக்கத்தில் ஆள் கிடையாது. கிட்டாரின் ஓசையைப் பெருக்கும் பெட்டி, அதாவது ஆம்ப்ளிஃபையர், பிசகினால் கச்சேரியே பிசகிவிடும்.

தொடக்கத்தில் நண்பரின் மின்கிட்டார் ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கி வாசித்தேன். அதிலுள்ள 12 அங்குல ஸ்பீக்கர் கூர்மையான மேல் ஓசைகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மின்கிட்டாருக்கு அது அழகு. மரக்கிட்டாருக்கோ நகம் கம்பியில் உரசும் சின்ன ஓசையில்தான் உயிரே இருக்கிறது. ஒரு விருந்தில் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "தம்பி, சத்தம் போதும். பாட்டுதான் விளங்கவில்லை" என்றார். அன்றைக்கே வேறு பெட்டி தேட முடிவு செய்தேன்.

தேடி வாங்கியது ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி. 60 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கர், மேல் ஓசைக்குத் தனியாக 1 அங்குல ட்வீட்டர். எடை சுமார் 9 கிலோ. ஒரு கையில் கிட்டார், மறு கையில் பெட்டி என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்வரை நடந்தே போய்விடுவேன். கிட்டாருக்கு ஒரு சேனல், மைக்குக்கு ஒரு சேனல். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்னை அதிகம் வாட்டியது கூவல்தான். தகரக் கூரை மண்டபத்தில் ஐந்தாம் கம்பியைத் தொட்டாலே "ஊ" என்று கிளம்பும். கிட்டார் வயிற்றுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் தானாகவே முழங்கும் இயல்புடையது. அந்தக் கம்பியின் சுருதியும் அதற்குப் பக்கத்தில், 110 ஹெர்ட்ஸ். பெட்டியிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேல்பலகையை உலுக்க, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப் அதையே மறுபடி பெட்டிக்கு அனுப்ப, ஓசை சுற்றிச் சுற்றிப் பெருகும். இப்போது கிட்டாரின் வட்டத் துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுகிறேன். பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில், இரண்டடி முன்னே தள்ளி வைக்கிறேன். அப்படியும் கூவினால் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். சில இடங்களில் அந்த ஒரே அழுத்தில் அடங்கிவிடும். கீழ் ஓசையைக் குறைப்பதைக் கடைசியில்தான் செய்வேன், கிட்டாரின் நெஞ்சுக்கூடு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. பெரும்பாலான கிட்டார்களில் கேபிளைச் செருகியதுமே பேட்டரி செலவாகத் தொடங்கும். நான் கேபிளைப் பிடுங்காமல் இரவு முழுக்க விட்டு, மறுநாள் கல்யாணத்தில் இரண்டாம் பாட்டிலேயே ஓசை கரகரத்து நொறுங்கியது. மணமக்கள் முகத்தை இன்னும் மறக்கவில்லை. இப்போது பையில் எப்போதும் புதிய பேட்டரி ஒன்று இருக்கும்.

முந்நூறு பேர் கூடும் மண்டபத்துக்கு 60 வாட் பற்றாது. அங்கே பெட்டியின் பின்புற டி.ஐ. (வேறு ஒலிக்கருவிக்கு நேரடியாக ஓசையை அனுப்பும் இணைப்பு) வழியாக வாடகை ஒலிபெருக்கிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு, என் பெட்டியை என் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மின்சாரம் எட்டாத செம்பனைத் தோட்டத் திடல் என்றால் நண்பரின் ரோலண்ட் ஏசி-33 பெட்டிதான். எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியில் அதன் 30 வாட் குறைந்துவிடும் என்றாலும், கூடாரத்துக்குள் ஐம்பது பேருக்குத் தாராளம்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் கிட்டாரையே கடைக்குக் கொண்டு போங்கள். நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்று கேளுங்கள். பாட்டின் சொல் அங்கே தெளிவாக விழுந்தால் அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.