ஆயுள் கணக்கைக் கடைசியில் சொன்ன இரண்டாம் ஆலோசனைச் சேவை

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 9 ஆண்டுகள் கழித்து என் அக்காவுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. ஊசி போட்டு எடுத்த நீரில் புற்றணுக்கள் இருந்தன. நோய் வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்துக்குப் பரவியிருப்பதாகச் சொன்ன மருத்துவர், "சில மாதங்கள்" என்று முடித்துக்கொண்டார். எதை வைத்து அந்தக் கணக்கு என்று கேட்க எங்களுக்கு அப்போது வாய் வரவில்லை. அதன்பின் காணொளி வழியாக இரண்டாம் கருத்து வழங்கும் சேவை ஒன்றை நாடினோம்.

பழைய அறுவைச் சிகிச்சையின் திசு பிளாக்குகள் (மெழுகில் பதித்துப் பாதுகாத்த திசுத் துண்டுகள்) தேவை என்பதைக் கட்டணம் செலுத்திய பிறகுதான் தெரிவித்தார்கள். அவற்றைத் தேடி வாங்கவே 12 நாட்கள் ஆயின. வயிறு வீங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அது சிறிய காலமன்று.

ஆலோசனை அந்த எரிச்சலைத் தணித்தது. மருத்துவர் முதலில் கேட்டது ஆயுளைப் பற்றியன்று, பால் சுரக்கும் நுண்மடல்களில் தோன்றும் லோபுலர் வகையா என்பதை. மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 விழுக்காடே அவ்வகை என்றாலும், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடரின் என்னும் புரதம் அதில் பெரும்பாலும் இல்லாமல் போவதால், செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியே பரவி வயிற்று உள்ளுறையிலும் குடலிலும் சூலகத்திலும் படிவது அதிகம் என்றும், மெல்லிய படலமாகப் படிவதால் ஸ்கேன் நோயின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்றும் விளக்கினார். சூலகத்தில் புதிதாகத் தோன்றிய புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும் என்பதாலும், பரவிய இடத்தில் ஹார்மோன் ஏற்பிகள் (செல்லில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) மாறியிருக்கலாம் என்பதாலும், புதிய திசுப் பரிசோதனை செய்யாமல் எதையும் கணிக்க மறுத்தார்.

ஹார்மோன் ஏற்பி உண்டு, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகையாக இல்லை என்று முடிவு வந்த பின்னரே எண்களுக்கு வந்தார். இவ்வகை நோய் முற்றிய நிலையில், முதல் சிகிச்சையாக லெட்ரோசோல் என்னும் ஹார்மோன் தடுப்பு மருந்துடன், செல் பிரிவதைத் தடுக்கும் ரிபோசிக்ளிப் மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் ஒரு பெரிய ஆய்வில் 63.9 மாதங்கள், லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களுக்கு 51.4. பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்பதே இடைநிலையின் பொருள் என்றவர், அந்த எண் எல்லா இடங்களுக்கும் பரவியவர்களைச் சேர்த்து எடுத்தது, வயிற்று உள்ளுறைப் பரவலுக்கென்று தனியாக வந்ததன்று என்பதையும் மறைக்கவில்லை. குடல் அடைபடுகிறதா, உணவு இறங்குகிறதா, முதல் மருந்துக்கு நீர் வற்றுகிறதா என்பவைதாம் இனி கணக்கைத் திருத்தும் என்றார். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்னும் ஏற்பிகள் மூன்றும் இல்லாத வகையாக இருந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

எழுத்து அறிக்கைதான் ஏமாற்றம். நேரில் தெளிவாகச் சொன்னதெல்லாம் அதில் மருத்துவக் கலைச்சொற்களாகச் சுருங்கிவிட்டது. நீரை எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கலாம் என்ற கேள்விக்கு ஒரே வரி. வலி, வாந்தி பற்றிப் பேச நோய்த்தணிப்பு மருத்துவர் எவரும் அந்தச் சேவையில் இல்லை. அவரைத் தனியே தேட வேண்டியிருந்தது. ஐந்துக்கு நான்கு தருகிறேன். பதிவு செய்வதற்கு முன்பே பிளாக்குகளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.